எந்த ஷாக்?

அப்பா சோபாவில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் பதில் வந்தது, ஆனால் எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் வந்தது. பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டதில், நின்றுகொண்டிருந்தவர் முன்சீட்டின் கம்பியில் போய் மோதிவிட்டார். இடது விலாவுக்குக் கீழே அடி. ஒன்றும் இல்லை என்று சொல்லி நடந்தே வீடு வந்து சேர்ந்தார். மகள் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சிவந்த கோடு, அவ்வளவுதான்.

"அப்பா ஷாக்ல இருக்கார்க்கா," என்றான் தம்பி. "சுத்தி நின்னு கேள்வி கேக்காத. அவரா பேசுவார்."

தம்பி மனநல ஆலோசகன். தீயிலும் விபத்திலும் தப்பித்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது அவன் வேலை. வாசல் பலகையில் 'கவுன்சலர்' என்று போட்டிருப்பதால் சாக்கடை அடைத்துக்கொண்டாலும் அக்கம்பக்கத்தார் அவனிடம்தான் வந்து நிற்பார்கள், அது தனிக் கதை. அவன் ஷாக் என்றால், நடந்ததை உள்ளே வாங்கிக்கொள்ள முடியாமல் மனம் அதை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆள் மரத்துப்போய் இருப்பார், பேச்சு குறையும், கை குளிரும். அதற்கு வைத்தியம் அமைதி, ஒரு போர்வை, பக்கத்தில் துணைக்கு ஓர் ஆள்.

அக்காவுக்கும் ஷாக் தெரியும். அவள் பிழைப்பே அதுதான். ஃபிரிட்ஜ் செய்யும் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இன்ஜினியர். ஃபிரிட்ஜைப் பெட்டியோடு மேடையில் ஏற்றி, உயரத்திலிருந்து தொப்பென்று விடுவாள். விழுகிற வேகம் கண் இமைப்பதற்குள் ஒன்றுமில்லாமல் போகும்போது, அந்த வேகமெல்லாம் பொருளுக்குள் எங்கே போய் இறங்குகிறது என்று கருவி வைத்து அளப்பாள். அதிர்வு என்பது திரும்பத் திரும்ப உலுக்குவது, ஷாக் என்பது ஒரே அடி என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அலுக்காமல் விளக்குவாள்.

"ஷாக் பஸ்லயே முடிஞ்சுபோச்சுடா," என்றாள். "இப்ப இருக்கறது அதோட விளைவு."

"ஆரம்பிச்சிட்டியா? அப்பா என்ன ஃபிரிட்ஜா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் உதடும் லேசாக அசைந்தது. பார், தெளிந்துவிட்டார் என்பதுபோல் தம்பி அவளைப் பார்த்தான்.

தெளியவில்லை. அப்பா தண்ணீர் கேட்டார். கொடுத்த சற்று நேரத்தில் மறுபடி கேட்டார். தம்பி சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு வாய் குடித்துவிட்டுக் "குளுருது" என்றார். மின்விசிறியை நிறுத்தினார்கள். ஆனால் குளிர்கிறது என்கிறவரின் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி நூல்போல மெலிந்து, ஓட்டமாய் ஓடியது. கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டாள். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. தன் நகத்தை அழுத்திப் பார்த்தாள். விட்டவுடன் சிவந்தது.

"எனக்கு இது சரியாப் படலடா."

"பயத்துல ரத்த ஓட்டம் அப்படித்தான்க்கா இருக்கும். நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

பாத்ரூம் போக வேண்டும் என்று அப்பா எழுந்தார். முழங்கால் மடிந்தது. சோபாவின் விளிம்பை உரசிக்கொண்டு தரையில் சரிந்தார்.

அக்கா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, தரையில் வைத்து ஸ்பீக்கரைத் திறந்துவிட்டாள். கை இரண்டும் அப்பாவின் தலையைத் தாங்கியிருந்தன. என்ன ஆச்சு என்று கேட்ட குரலுக்கு, பதற்றத்தில் தம்பியின் வார்த்தைதான் அவள் வாயில் வந்தது.

"எங்கப்பா ஷாக்ல இருக்கார். சீக்கிரம் வாங்க!"

"ஷாக் அடிச்சிருச்சா? அவரைத் தொடாதீங்க மேடம். முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க."

"ஐயோ, கரண்ட் இல்லீங்க!"

"கரண்ட் இல்லையா? ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"கரண்ட் இருக்கு! கரண்ட்டால வந்த ஷாக் இல்லேங்கறேன்!"

"கரண்ட் இருந்தா தொடவே தொடாதீங்க மேடம். மரக்கட்டை ஏதாவது இருந்தா..."

"பஸ்ல அடிபட்டவருய்யா! பஸ்ல!" என்று தம்பி கத்தினான்.

"பஸ்ல ஷாக் அடிச்சுதா?"

ஒருவழியாக விலாசம் சொல்லி முடித்தபோது அக்காவின் தொண்டை கட்டிவிட்டது. கதவு திறந்தே கிடந்தது. எதிர்வீட்டு ஆன்ட்டி காதில் ஷாக் விழுந்தது, மெயின் விழுந்தது. நல்ல மனசு அவருக்கு. பால்கனிக்கு ஓடி, கீழே வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"நாலாவது மாடில ஷாக் அடிச்சுக் கெடக்கார்! மெயினை ஆஃப் பண்ணுங்க!"

மீட்டர் ரூம் சாவியைத் தேட வாட்ச்மேனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. நர்ஸும் டிரைவரும் ஸ்ட்ரெச்சரோடு லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்ட் கிளம்பும் சத்தம் மேலே கேட்டது. அதே நேரம் வாட்ச்மேனுக்குச் சாவி கிடைத்துவிட்டது.

வீட்டு விளக்கு அணைந்தது. லிஃப்டுக்குள்ளிருந்து கதவைத் தட்டும் ஓசை வந்தது.

என்ன நடந்திருக்கும் என்று அக்காவுக்கு உடனே புரிந்தது. படிகளில் தாவி இறங்கினாள். "யாராவது இருக்கீங்களா?" என்ற குரல், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே, சுவருக்குள்ளிருந்து வந்தது. மீட்டர் ரூம் வாசலில் வாட்ச்மேன் காவலுக்கு நின்றார்.

"ஆஃப் பண்ணிட்டேம்மா. இனி தைரியமாத் தொடலாம்."

"போடுங்க! லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்க!"

"ஷாக் அடிச்சவரை நகத்தியாச்சா?"

"ஷாக் அடிக்கவே இல்ல!"

"அப்புறம் ஏம்மா எல்லாரும் ஷாக்கு ஷாக்குன்னு கத்துனீங்க?"

அவரை இடித்துக்கொண்டு உள்ளே போய், சுவிட்சைத் தானே மேலே தள்ளினாள்.

லிஃப்ட் மறுபடி நகர்ந்து மேலே வந்தது. நர்ஸ் அப்பாவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றி அமுக்கிப் பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். பிறகு கைகள் வேகமாயின. அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, கால்களைச் சோபா மெத்தைமேல் உயர்த்தி, ஊசி குத்தி சலைன் ஏற்றினார். டீ டம்ளரைப் பார்த்து, "இனிமே வாயில எதுவும் குடுக்காதீங்க" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்.

"பேஷன்ட் ஷாக்ல இருக்கார். தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லுங்க."

"நான் அப்பவே சொன்னேன்..." என்று தம்பி முணுமுணுத்தான்.

"நீ சொன்னது இது இல்லடா!"

நர்ஸ் தலை நிமிராமலே பேசினார். "வயித்துக்குள்ள ரத்தம் கசியுது போலிருக்கு. ரத்தம் பத்தலன்னா உடம்பு கை, கால், தோலையெல்லாம் பட்டினி போட்டுட்டு, இருக்கறதை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். அதான் குளிர், தாகம், வேர்வை எல்லாம். அந்தக் கையிருப்பும் தீர்ந்தா எல்லாம் நின்னுடும். நாங்க ஷாக்குங்கறது இதைத்தான். பிடிங்க, தூக்கலாம்."

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஒரு முனையில் தம்பி, மறு முனையில் அக்கா.

போனில் பேசினவன்மேல் கோபப்படப் பார்த்தாள். ஷாக் என்றால் மெயினை அணைக்கச் சொல்லு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், சொன்னான். வாட்ச்மேன், ஆன்ட்டி யாரும் சும்மா இருக்கவில்லை, கையில் கிடைத்த அர்த்தத்தை வைத்து ஓடினார்கள். தம்பிமேல் கோபம் நன்றாகவே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம்தான் போக முடிந்தது. பெட்டியில் கீறல் இல்லாமல் வந்து, திறந்தால் உள்ளே கம்ப்ரசர் தாங்கி முறிந்து கிடக்கும் ஃபிரிட்ஜுகளை எத்தனை பார்த்திருக்கிறாள்! சிவந்த கோட்டைப் பார்த்துவிட்டுச் சட்டையை இறக்கிவிட்டவள் அவள்தான். போனில் அந்த வார்த்தையைச் சொன்னதும் அவள்தான். மோதினார், விழுந்தார், வேர்க்கிறது என்று கண்ணால் கண்டதைச் சொல்லியிருந்தால் போதும்.

"அக்கா, ஏதாவது பேசேன்."

"வாயக் கிளறாதடா."

டாக்டர் வெளியே வந்து மாஸ்க்கை இறக்கினார். "மண்ணீரல் கிழிஞ்சிருந்துது. எடுத்துட்டோம். ரத்தம் ஏறிட்டிருக்கு, பிரஷர் நிக்குது. பிழைச்சிட்டார்." திரும்பப் போனவர் நின்றார். "இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா கஷ்டம். அடிபட்டவுடனே ஏன் கூட்டிட்டு வரல?"

தம்பி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். அக்காவுக்கு அழுகை வரவில்லை. உயிர் திரும்பிவிட்டது, அப்படியும் அந்த எரிச்சல் இறங்க மறுத்தது. யார்மேல் இறக்கிவைப்பது என்றும் தெரியவில்லை.

கண் விழித்துவிட்டார், ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்று ஐசியூ நர்ஸ் வந்து கூப்பிட்டார்.

"நீ போ," என்றாள் அக்கா. "முகத்தக் கழுவிட்டுப் போ."

"நீ பாக்கலையா?"

"நான் இப்ப போனேன்னா, அடிபட்டுட்டு ஒண்ணும் இல்லன்னு ஏம்ப்பா சொன்னீங்கன்னு அவர்கிட்டயே சண்டைக்கு நிப்பேன். போடா."

அவன் போனான். அக்கா கண்ணாடிக் கதவுக்கு முதுகைக் காட்டியபடி, இரும்பு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.