இரண்டையும் படித்தவள்

அச்சகத்தில் அவளுக்குக் கழுகு அக்கா என்று பெயர். மெய்ப்புத் திருத்த உட்கார்ந்தால் ஒரு கால்புள்ளிகூட அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அவள் அங்கே மூச்சு விட்டதில்லை. அப்பா இந்தப் பக்கத்துக்காரர்தான், ஆனால் அவளுடைய அம்மா ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து மொழிக்காரி.

நாடே அப்படிப் பிரிந்து கிடந்தது. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் ஒரு மொழி. இங்கே நின்று அந்த மொழியில் தும்மினால்கூடத் தலைகள் திரும்பும். அச்சகத்துக்கு வியாபாரம் பெரிது, ஆகவே இரண்டிலும் புத்தகம் போட்டது. கீழ்மாடியில் இது, மேல்மாடியில் அது. கீழே இருப்பவர்களுக்கு மேலே இருப்பது தெரியாது, தெரிந்தாலும் தெரியாது.

அங்கேதான் தம்பியின் நாவல் வந்தது. "நம்ம வீட்டுக் கதைக்கா. அம்மா பேசறது அப்படியே வரும், பாரேன்" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு மொழியிலும் அவனே எழுதினான். அந்தப் பக்கத்துப் பிரதிக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் என்று ஏதோ ஒரு கற்பனைப் பெயர்.

கீழ்மாடிப் பிரதியை அவள்தான் படித்தாள். அதில் அம்மா பிறவி ஊமை.

வாய் ஓயாத மனுஷி அம்மா. தெருவில் இறங்கினால்தான் வாயை மூடுவாள். வீட்டுக்குள் வந்து ஜன்னலைச் சாத்தியதும் அத்தனையையும் சேர்த்துக் கொட்டுவாள். சரி, இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பயந்து எழுதியிருக்கிறான், அந்தப் பிரதியில் பேச விட்டிருப்பான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த வாரம் பார்த்து மேல்மாடித் திருத்துநர் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். இரண்டு பிரதியும் ஒரே நாளில் வெளிவந்தாக வேண்டும். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குடுங்க சார், நான் பாக்கறேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா பாஷை."

மேலாளர் அவளைப் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். மதியம் பக்கத்து மேஜைக்காரி டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்விட்டாள். பத்து வருஷமாகச் சேர்ந்து சாப்பிட்டவள். போகட்டும், தம்பிக்காகத்தானே என்று தனியாகச் சாப்பிட்டுவிட்டு மேல்மாடிப் பிரதியின் கட்டைப் பிரித்தாள்.

அதில் அம்மா பேசினாள், பக்கம் பக்கமாகப் பேசினாள். அப்பா ஊமையாக இருந்தார்.

அவள் விடாமல் கடைசிப் பக்கம்வரை போனாள். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இரண்டு கதையிலும் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு மொழியில் சண்டை போடும்போது நடுவில் நின்று, பாதித் திட்டை விழுங்கிவிட்டு மீதியை மாற்றிச் சொன்ன பெண் ஒருத்தி இருந்தாளே, ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் அம்மாவுக்கு வாயாக இருந்தவள், அவளைக் காணோம். ஊமை இருக்கிற வீட்டில் அவளுக்கு என்ன வேலை?

மாடிப்படியில் நின்று தம்பிக்குப் போன் செய்தாள்.

"அதை எதுக்கு நீ படிச்சே?" என்றுதான் முதலில் கேட்டான்.

"அப்பா என்னடா பண்ணினார் உனக்கு? அம்மா என்ன பண்ணினா?"

"அக்கா, நிஜத்தை எழுதினா ரெண்டு பக்கமும் தூக்கிப் போட்டுடுவாங்க. ஒருத்தர் வாயை அடைச்சாத்தான் இன்னொருத்தர் பேசறது காதுல விழும். ரெண்டையும் சேத்துப் படிக்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேனே."

"உன்னைக் கணக்குலயே எடுக்கலைக்கா" என்றான், கோபமே இல்லாமல்.

அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

திருத்தியவர் 'அச்சேறலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே எந்தக் கட்டும் எந்திரத்துக்குப் போகும். போடாமல் இரண்டு கட்டையும் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டுக் காத்திருந்தாள். கண்புரை, படிக்க முடியாது.

"வந்துடுச்சா? படி, படி. நான் பேசறேனா அதுல?"

"நீ பேசறேம்மா" என்று மேல்மாடிக் கட்டைப் பிரித்தாள்.

படித்தாள். அம்மா சிரித்தாள், சொன்னதையே திரும்பச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது.

"உங்கப்பா ஏன் வாயே திறக்கல? நான் இவ்வளவு கத்தறேன், அந்த மனுஷன் சும்மா இருக்கற ஆளா?"

இல்லாத வரிகளை அவள் படிக்க ஆரம்பித்தாள். அப்பாவின் மொழியிலேயே, அப்பாவின் இழுவையோடு. "போதும் தாயே, காது செவிடாயிடும், சோத்தைப் போடு." அந்தப் பேச்சைக் கேட்டே பழகிய அம்மா தொடையில் தட்டிச் சிரித்தாள். பக்கத்துக்குப் பக்கம் அப்பா பதில் சொன்னார், முறைத்தார், மன்னிப்புக் கேட்டார். அச்சில் ஒன்றும் இல்லை.

முடித்தபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் பிள்ளை ஒண்ணையும் மறக்கல, பாத்தியா. உங்கப்பா பேசற மாதிரியே எழுதியிருக்கான். மகராசனா இருக்கட்டும்."

அவள் கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிக் கட்டின்மேல் வைத்தாள்.

"ஆமா, நடுவுல நீ எங்கேடி? கடைசிவரைக்கும் வரவே இல்லையே" என்றாள் அம்மா.