பதினோரு கிலோ

அன்று காலை அவர் நங்கூரத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்றார். கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு வந்த தகப்பன் மாதிரி இருந்தது. தொப்பையும் நங்கூரமும் சேர்ந்து முள்ளை மறைத்துவிட்டதால் அவருக்கு எண் தெரியவில்லை.

"என்ன காட்டுது, பார்த்துச் சொல்லு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். "எண்பத்தி மூணு."

"நான் எழுபத்தி ரெண்டு. அப்போ இது பதினொண்ணு."

"நீங்க எழுபத்தி ரெண்டா? அது எந்த வருஷத்துக் கணக்கு?"

அவர் நங்கூரத்தைக் கீழே வைத்துவிட்டு, ரோஷத்தோடு மறுபடி ஏறினார். எழுபத்திரண்டேதான். "பார்த்தியா? ஊருக்கெல்லாம் மாத்திரை எண்ணிக் குடுக்கிற. கட்டின புருஷனோட எடை தெரியல" என்றார்.

அவள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர். மில்லிகிராமோடு அவளுக்குப் பழக்கம், மில்லிமீட்டரோடு அவருக்கு. அந்த வீட்டில் சோற்றுக்குத் தண்ணீர்கூடக் கண் அளவில் ஊற்ற மாட்டார்கள்.

படகு அவர்களுக்குப் பிழைப்பு அல்ல, ஆசை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பழையதாக வாங்கியது. ஆறு பேர் உட்காரலாம், பின்னால் ஒரு பெட்ரோல் எஞ்சின். குழந்தை இல்லாத வீட்டில் அதற்குத்தான் எல்லாச் செல்லமும். ஞாயிறு காலையில் கிளம்பிக் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிவிட்டு, கன்னமெல்லாம் உப்புப் பூத்து மத்தியானம் திரும்புவார்கள். திங்கட்கிழமை மருந்துக்கடையில் அவள் முகத்தைப் பார்த்தே, "நேத்துக் கடலுக்குப் போனீங்களாக்கும்" என்பார்கள்.

பெட்ரோல் விலை ஏற ஏற அந்தப் பயணம் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் கலங்கரை விளக்கம் போயிற்று. பிறகு பாதி வழி வரைக்கும் போனார்கள். பிறகு துறையின் வாய்வரைக்கும் மட்டும். கடைசி ஒரு வருடம், கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே, ஞாயிற்றுக்கிழமை போய்ப் படகில் உட்கார்ந்து ரொட்டி தின்றுவிட்டு வந்தார்கள். அவர்கள் மட்டுமில்லை. அந்தப் படகுத்துறையில் இருந்த நாற்பது படகுக்காரர்களும் அப்படித்தான், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கட்டிப்போட்ட படகில் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். துறைக் காவலாளி ஓயாமல் பேசுகிறவன். எல்லாரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். "என்னங்க இது, பஸ் ஸ்டாண்டுல நிக்கிற பஸ்ஸுல ஏறி உட்கார்ந்துட்டு, ஊர் வந்துடுச்சான்னு கேக்குற மாதிரி" என்று அவன் சொன்னபோது நாற்பது படகிலிருந்தும் சிரித்தார்கள். அடுத்த மாதம் முப்பது படகுகள்தான் இருந்தன. அதற்கடுத்த மாதம் பதினேழு.

அவர்களும் விற்கத்தான் முடிவு செய்தார்கள். ஓட்டுவதற்கென்று வாங்க ஆளே இல்லை. வளைகுடாவின் அக்கரையில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த ஒருவர் கேட்டார். படகைக் கடை முற்றத்தில் இறக்கி, உள்ளே பெஞ்சு போட்டு, பிள்ளைகளை உட்காரவைத்து ஐஸ்கிரீம் கொடுப்பதாக அவருக்கு யோசனை. எஞ்சின் வேண்டாம், நங்கூரம் மட்டும் வேண்டும், வாசலில் தொங்கவிட. லாரியில் ஏற்றி அனுப்பலாமென்றால், லாரி வாடகையும் பெட்ரோலோடு சேர்ந்து ஏறியிருந்தது. தண்ணீர் வழியாகவே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று தீர்மானமாயிற்று. எஞ்சினைக் கழற்ற அக்கரையிலேயே ஒரு மெக்கானிக் இருந்தார்.

கேனில் மிச்சமிருந்த பெட்ரோல் பத்து லிட்டர். அக்கரைக்குப் போக முழுச் சுமையோடு பதினொன்று பிடிக்கும். முந்தைய நாள்தான் விலை மறுபடியும் ஏறியிருந்தது. ஒரு லிட்டர் வாங்க பெட்ரோல் பங்குக்குப் போய் வரிசையில் நிற்க அவருக்கு மனசில்லை. அது காசுக்காக மட்டும் இல்லை. பிரிந்து போகிறதுக்கு எதற்கு அழ வேண்டும் என்கிற ஒரு வீம்பு. ஆகவே முந்தைய நாள் சாயங்காலமே படகைக் காலி செய்து எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மெத்தைகள், கருவிப்பெட்டி, துடுப்பு இரண்டு, தண்ணீர்க் கேன், பழைய போர்வை. இப்போது ஒவ்வொன்றையும் எடை போட்டு, எதை விட்டால் எவ்வளவு பெட்ரோல் மிச்சமாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் குறைச்சா சரியா வந்துடும்" என்றார். "உன்னை விட்டா அறுபது கிலோ குறையும்."

"அம்பத்தி எட்டு."

"சரி, அம்பத்தி எட்டு. நீ பஸ்ஸுல வந்துடு. வரும்போது ரெண்டு பேரும் பஸ்ஸுலயே திரும்பிடலாம்."

அவள் தலையாட்டினாள். அப்புறம் தரையில் கிடந்த நங்கூரத்தைக் காலால் லேசாகத் தட்டினாள். பிற்பாடு அவள் எத்தனையோ முறை தன் காலை மனசுக்குள் அந்த நங்கூரத்திலிருந்து பின்னுக்கு இழுத்துப் பார்த்திருக்கிறாள்.

"இதையும் நானே எடுத்துட்டு வரேன். அவருக்கு வாசல்ல மாட்டத்தானே? நீங்க நடுவுல எங்கயும் நிக்கப் போறதில்லையே."

"பதினோரு கிலோவை பஸ்ஸுலயா?"

"பஸ்ஸுக்கு நாம பெட்ரோல் போடலையே."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "டாக்டரம்மா சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு நங்கூரத்தையும் அதன் முப்பது மீட்டர் கயிற்றையும் மடக்கி, காய்கறி வாங்கும் பெரிய பைக்குள் அவரே வைத்துக் கட்டிக்கொடுத்தார். மிதவைச் சட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார். அதற்கு எடை அதிகமில்லை.

பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். நங்கூரத்தின் ஒரு கொக்கி பையைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னம்மா பையில?"

"நங்கூரம்."

"அய்யய்யோ. கீழ போட்டுடாதீங்க, வண்டி நின்னுடப் போகுது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சாலை வளைகுடாவைச் சுற்றிக்கொண்டு போனது. வீடுகளுக்கு நடுவே அவ்வப்போது தண்ணீர் தெரிந்தது. மரங்கள் கொஞ்சம் அதிகமாக ஆடுவதை அவள் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். பஸ்ஸில் போகிறவளுக்குக் காற்று ஒரு செய்தியாகத் தோன்றவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அவர் போன் வந்தது.

"எங்க இருக்க?"

"பாதி தாண்டிட்டேன். நீங்க போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

"இல்ல. எஞ்சின் நின்னுடுச்சு. பெட்ரோல் தீர்ந்துடுச்சு."

"எப்படித் தீரும்? அளந்துதானே..."

"ஒரு வருஷமா ஓட்டாம வெச்சிருந்ததுல, கிளப்பறதுக்கே அரை மணி நேரம் ஆச்சு. அதுலயே கொஞ்சம் குடிச்சுடுச்சு. அப்புறம் எதிர்க்காத்து." பின்னால் படகின் பக்கங்களில் தண்ணீர் அறைகிற சத்தம் கேட்டது. "டாக்டரம்மா, நம்ம கணக்குல காத்தைச் சேர்க்க மறந்துட்டோம்."

அவள் கால்களுக்கு நடுவில் இருந்த பையைப் பார்த்தாள்.

"ஏங்க... நங்கூரம்..."

"அதை விடு. மீட்புப் படகுக்கு போன் பண்ணிட்டேன், வர்றாங்க. மணல் திட்டுக்குக் கிழக்கால இருக்கேன்னு சொல்லியிருக்கேன். காத்து கொஞ்சம் கொஞ்சமா வெளியே தள்ளுது. நீ போய் அவரோட ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு இரு. சார்ஜ் கம்மியா இருக்கு, வெச்சுடறேன்."

அதுதான் அவர் குரலை அவள் கடைசியாகக் கேட்டது. பிறகு எத்தனை முறை அடித்தும் மணி போகவில்லை.

அக்கரைத் துறையில் ஐஸ்கிரீம்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, படகை இழுக்க நாலு ஆட்களோடு காத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்னம்மா, இழுத்துட்டு வந்துடுவாங்க, தினமும் நடக்கிறதுதானே" என்றார். ஒரு மணி நேரம் வரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார். படகுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்றுகூடக் கேட்டார். அதன் பிறகு ஆட்களை அனுப்பிவிட்டார். அவள் வெயிலில் நிற்பதைப் பார்த்து, நிழலுக்குக் கூட்டிப்போகலாம் என்று அவளுடைய பையைத் தூக்கினார். தூக்கியவர் கனத்தைக் கண்டு திகைத்து, கிழிந்த இடத்தில் தெரிந்த கொக்கியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பையை மெதுவாக, சத்தம் வராமல், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மீட்புப் படகு அவர் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாயிற்று. அங்கே யாரும் இல்லை. சாயங்காலம்வரை தேடினார்கள். மறுநாள் காலை படகு, வளைகுடாவின் வாயில் அலைதடுப்புக் கற்களின்மேல் கவிழ்ந்து கிடந்தது. அதற்கு அடுத்த நாள் அவர் கிடைத்தார். மிதவைச் சட்டை மேலேதான் இருந்தது, வார்களெல்லாம் சரியாக இழுத்துக் கட்டியபடி. அவர் மூழ்கவில்லை. கற்கள்தான்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பெட்ரோலைத் திட்டினார்கள். கண்ணாடிக் கடை முதலாளி, "மனுஷனைக் கொன்னது அந்த விலைதான்" என்றார். ரேடியோ வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஐஸ்கிரீம்காரர் வாசலிலேயே நின்று, "லாரி வாடகையில பாதி நான் குடுத்திருக்கலாம்மா, கேட்டிருந்தா குடுத்திருப்பேன், கேட்காமலே குடுத்திருக்கணும்" என்று சொல்லி அழுதார். அவரவர்க்குப் பழி சொல்ல ஒன்று இருந்தது. அவரவருடையதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அவருடைய அக்கா மட்டும் பத்து நாள் கூடவே தங்கினாள். அவரை வளர்த்தவள் அவள்தான். ஒரு மத்தியானம் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் சட்டை ஒன்று கைக்கு வந்ததும் நாத்தனார் அதை மடியில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"சின்ன வயசுல இருந்தே அவன் இப்படித்தான். மறதி. படகுல நங்கூரம்கூட எடுத்துப் போகாம எவனாவது கடலுக்குப் போவானா? எல்லாத்தையும் மறந்துட்டுத்தான் போவான்."

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. அவர் வாழ்நாளில் எதையும் மறந்தவரில்லை.

"அவர் மறக்கலக்கா. நான்தான் விட்டுட்டுப் போகச் சொன்னேன்."

நாத்தனார் கை நின்றது. "என்ன சொல்ற?"

"கனம் குறையட்டும்னு. நான் பஸ்ஸுல எடுத்துட்டு வரேன்னு சொன்னேன். அவர் போன் பண்ணப்போ அது என் காலடியில இருந்தது."

 நாத்தனார் திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் போதும் என்று இருந்தது. நாத்தனார் சட்டையை மடித்தாள், விளிம்போடு விளிம்பு வைத்து, மிக நேர்த்தியாக.

"இதை வேற யார்கிட்டயும் சொல்லாதே" என்றாள். மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது இவள் தோளைத் தொட்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு போன் செய்தால் எடுப்பாள், நலம் விசாரிப்பாள். தானாகக் கூப்பிட்டதில்லை.

அவளுக்கு இன்னும் ஒரு நப்பாசை இருந்தது. நங்கூரம் இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று யாராவது, தெரிந்தவர் யாராவது, சொல்லிவிட வேண்டும். அவ்வளவு காற்றில் பிடித்திருக்காது, அல்லது அங்கே தண்ணீர் அதளபாதாளம், கயிறு எட்டியிருக்காது. அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கடையில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மீட்புப் படகு அலுவலகத்துக்குப் போனாள். அன்று தேடப் போன அதிகாரியே மேஜைக்குப் பின்னால் இருந்தார். எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அன்னைக்கு அடிச்ச காத்துல நங்கூரம் பிடிச்சிருக்குமா சார்?"

 அவருக்கும் புரிந்திருக்க வேண்டும், அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று. பொய் சொல்லலாமா என்று யோசித்த மாதிரிதான் இருந்தது.

"அம்மா, நின்ன இடத்துல நிக்கிற படகைத் தேடறது வேற, ஓடிக்கிட்டே இருக்கிற படகைத் தேடறது வேற" என்றார் கடைசியில். "அங்க அடியில நல்ல மணல்."

"ஆழம்?"

அவர் சுவரில் மாட்டியிருந்த வளைகுடாவின் வரைபடத்தை நோக்கித் திரும்பினார். மணல் திட்டுக்குக் கிழக்கே, நீல நிறத்தில் சின்னச் சின்னதாக அச்சடித்த எண்களில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். அவள் எழுந்து கிட்டத்தில் போய்ப் பார்த்தாள்.

இப்போதும் மருந்துக்கடை விட்டு வருகிற வழியில் சில நாள் அவள் அங்கே போய் நின்று பார்க்கிறாள். அதிகாரி மாறிவிட்டார், நாற்காலி மாறிவிட்டது, போன வருடம் வரைபடத்தைக்கூடப் புதிதாக அளந்து புதிதாக அச்சடித்து மாட்டினார்கள். மணல் திட்டுக்குக் கிழக்கே ஆழம் ஏழு மீட்டர்.