பங்கு பிரிக்க முடியாத கரை

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவமனையில் கிடைத்தது. ஏரிக்கரையில், நெருப்புக்குப் பக்கத்தில் கிடைத்தது என்று சொன்னால் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. எங்கள் ஊரில் இருக்கும் ஒரே பல் மருத்துவமனையில் நான் பற்களைச் சுத்தம் செய்கிறேன். கார்லீன் முன்மேசையில் தொலைபேசி எடுக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில், ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவில், துண்டு துண்டாக அவள் சொன்னது இது.

"நீ கதை எழுதுவியாமே, எழுதிக்கோ," என்றாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவள் பெயரையோ முன்னாள் கணவன் எல்டனின் பெயரையோ மாற்ற வேண்டியதில்லை. ஏரியின் பெயரைத்தான் மாற்ற வேண்டும்.

"எங்க விவாகரத்து ஊருக்கே தெரியும். அந்த இடம் யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அடுத்த கோடைக்கு அங்க ஒரு ஊரே கூடாரம் போட்டிருக்கும்."

ஆகவே அதைக் கரண்டி ஏரி என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் வடக்கு மிச்சிகனில் ஏரிக்குப் பஞ்சமே இல்லை. எவ்வளவு தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

2

முதல் தொடக்கம்: காலை நேரம். ஏரியின் மேல் மூடுபனி மெல்ல

(வேண்டாம். ஏரி என்று எழுதியவுடன் ஏன் எனக்கு மூடுபனி வருகிறது? அவர்கள் போய்ச் சேர்ந்தது மதிய வெயிலில், கொசுக்கடிக்கு நடுவில்.)

இரண்டாவது தொடக்கம்: அரசு வனத்தில் கூடாரம் அடித்துத் தங்க விரும்புவோர், தாங்கள் கொண்டுவந்த குப்பையைத் தாங்களே

(இது அறிவிப்புப் பலகை.)

மூன்றாவது தொடக்கம்: கார்லீனும் எல்டனும் பனிக்காலத்தின் நடுவில் விவாகரத்து வாங்கினார்கள். வீடு அவளுக்கு, பிக்கப் வண்டி அவருக்கு. படகு அவளுக்கு, கூடாரம் அவருக்கு. தண்ணீர் வடிகட்டி அவளுக்கு, கோடரி அவருக்கு. வழக்கறிஞர்கள் இரும்பு வாணலியைக்கூட விட்டுவைக்கவில்லை. கரண்டி ஏரிக்கரையில், மண்பாதை முடிகிற இடத்தில், பைன் மரங்களுக்கு அடியில் கிடக்கும் ஒரு சின்னத் துண்டு நிலத்தைத்தான் பிரிக்க முடியவில்லை. அது அவர்களுடையது இல்லை. வனத்துறை நிலம். மேசை, குழாய், கழிப்பறை எதுவும் கிடையாது. முன்பதிவும் கிடையாது. கற்களை வட்டமாக அடுக்கிய ஒரு நெருப்புக்குழி உண்டு, அவ்வளவுதான். முதலில் வருபவர் தங்கலாம். கல்யாணமான ஆண்டிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் ஒரு வாரம் அவர்கள் அங்கேதான் கிடந்தார்கள்.

இது நிற்கும் என்று தோன்றுகிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

வழக்கமாக அவர்கள் போவது ஜூலை நடுவில். அப்போது எல்டன் வந்துவிடுவார் என்று நினைத்து, கார்லீன் ஜூன் கடைசியிலேயே காரின் தலையில் படகைக் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். கூடாரம் இல்லாததால் காரின் பின்பக்கத்தில் படுக்கை விரித்தாள். படகைத் தண்ணீரோரம் இழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பழகிய பிக்கப் வண்டி ஒன்று பள்ளங்களில் குலுங்கியபடி வந்து நின்றது.

"ஏய்யா, உனக்கு வேற ஏரியே கிடைக்கலையா?"

"இது பொது நிலம், கார்லீன்," என்றார் எல்டன். இறங்கக்கூட இல்லை.

"பொது நிலம்தான். அதான் முன்னாடியே வந்து இடம் பிடிச்சிட்டேன்."

"நீ ஜூலைலதான வருவே?"

"நீ ஜூலைல வருவேன்னுதான் இப்ப வந்தேன்."

எல்டன் இன்ஜினை அணைத்தார். "நானும் அதுக்குத்தான் இப்ப வந்தேன்."

மறுபக்கக் கதவு திறந்து, வெள்ளைக் காலணி போட்ட ஒரு பெண் இறங்கினாள்.*

"நான் ட்ரூடி," என்று கை நீட்டினாள். "உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். மன்னிச்சுக்கோங்க, ரொம்ப தூரம் வந்துட்டோம். கழிப்பறை எந்தப் பக்கம்?"

கார்லீன் காரிலிருந்து ஒரு சின்ன மண்வாரியை எடுத்து அந்த நீட்டிய கையில் வைத்தாள். "எந்தப் பக்கம் வேணாலும் போம்மா. தண்ணியிலருந்து தள்ளிப் போ."

*வெள்ளை என்று சொன்னது கார்லீன். எல்டனைக் கேட்டால் நீலம் என்கிறார். ட்ரூடியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இது கார்லீன் கொடுத்த கதை என்பதால் வெள்ளையே இருக்கட்டும்.

4

ஏன் யாரும் கிளம்பிப் போகவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். எல்டனிடம் கூடாரமும் கோடரியும் இருந்தன, குடிக்கத் தண்ணீர் வடிகட்ட வழியில்லை. கார்லீனிடம் வடிகட்டியும் அடுப்பும் இருந்தன, விறகு வெட்ட எதுவும் இல்லை. ஒரே ஒரு ராத்திரி என்று பேசி முடித்தார்கள். எல்டன் விறகு பிளந்தார், கார்லீன் தண்ணீர் வடிகட்டினாள். கரடி எடுக்காமலிருக்க சாப்பாட்டுப் பையை மரத்தில் கட்டித் தூக்கும்போது ஒருவர் கயிற்றை எறிய, மற்றவர் சொல்லாமலே மறுமுனையைப் பிடித்தார். ட்ரூடி ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குச் சிக்கல் வந்தது மறுநாளில். கார்லீன் ஏன் ட்ரூடியைப் படகில் ஏற்றினாள்?

அவள் சொன்ன காரணம் இது: "பாவம், கரையில உக்காந்து கொசு அடிச்சிட்டிருந்தா. மீன் பிடிக்கலாம் வான்னு கூப்பிட்டேன்." நானும் அப்படியே எழுதினேன். எழுதிய பிறகு உறுத்தியது. காலையில் எல்டன் மேகத்தைப் பார்த்து, மதியத்துக்குமேல் மேற்கிலிருந்து காற்று கிளம்பும் என்று சொன்னதாக அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். ஆக, தெரிந்தேதான் கிளம்பியிருக்கிறாள். அடித்துவிட்டு, வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன்:

கார்லீனின் உள்ளத்தில் ஒரு துளி விஷம்

அதையும் அடித்தேன். அவளை அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் நேராகவே கேட்டேன். "அவளைப் பயமுறுத்தத்தான கூட்டிட்டுப் போன?"

கார்லீன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "கொஞ்சம் நனையட்டும்னு நினைச்சேன். முழுகணும்னு நினைக்கல."

5

காற்று நடு ஏரியில் பிடித்தது. முதலில் தண்ணீரின் நிறம் மாறியது, அப்புறம் அலை படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ட்ரூடி துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு! துடுப்பப் பிடி! உக்காராத, முட்டி போடு!"

"எனக்கு நீச்சல் தெரியாது!"

"இத இப்பத்தான் சொல்லுவியா?"

"நீங்க கேக்கவே இல்லையே!"

"சரி, மிதவைச் சட்டை போட்டிருக்கல்ல, முழுக மாட்ட. நான் சொல்றப்ப போடு. போடு! இன்னொண்ணு! போடு!"

அந்த நேரத்தில்தான் பயம் வந்தது என்றாள் கார்லீன். தனக்காக வந்த பயம் இல்லை. முன்னால் முட்டிபோட்டு, தலைமுடி முகத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, சொன்ன சொல்லுக்கெல்லாம் துடுப்பை இழுத்துக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்து வந்த பயம். இந்தப் பெண்ணை இங்கே கொண்டுவந்தது நான்தானே என்று. திரும்பிப் போக முடியாது என்று தெரிந்ததும் காற்றின் போக்கிலேயே விட்டு, படகை நேராக வைத்திருப்பதை மட்டும் பார்த்துக்கொண்டாள். கிழக்குக் கரைப் பாறைகளில் போய் மோதினார்கள். முட்டியளவு தண்ணீரில் இறங்கி, படகை இழுத்து, கவிழ்த்து, அதற்கு அடியில் புகுந்துகொண்டார்கள். மேலே மழை சரளைக்கல் கொட்டுவதுபோலக் கொட்டியது.

இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கார்லீனின் பையில் ஒரு பாஸ்டி இருந்தது. மாவுக்குள் மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்டது, எங்கள் ஊரில் எல்லோர் பையிலும் இருக்கும். நனைந்துபோயிருந்த அதை இரண்டாகப் பிட்டுப் பாதியைக் கொடுத்தாள்.

"நேத்து ராத்திரி பாத்தேன்," என்றாள் ட்ரூடி, சாப்பிட்டுக்கொண்டே. "நீங்க ரெண்டு பேரும் அந்தக் கயித்த எறிஞ்சதப் பாத்தேன். நான் எதுக்கு வந்தேன்னு இருந்துச்சு."

"அது பழக்கம். வேற ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் பிரிஞ்சீங்க?"

கார்லீன் இதற்கு என்ன சொன்னாள் என்பதை நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வசனம் நீண்டுபோனது. அவள் சொன்னதையே போடுகிறேன்.

"வீட்டுல எங்களுக்குப் பேச ஒண்ணுமே இல்ல. இங்க வந்தா தண்ணி எடு, விறகு போடு, தார்ப்பாய இழுத்துக் கட்டுன்னு பேச்சு வரும். அதுலருந்து வேற பேச்சு வரும், சிரிப்பு வரும். வருஷத்துக்கு ஒரு வாரம். அத வெச்சு எத்தன நாளு ஓட்டறது? அவன் ஊமை மாதிரி உக்காந்திருப்பான், நான் டிவியப் பாத்துட்டிருப்பேன்."

ட்ரூடி கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். "என்கிட்ட வாய் ஓயாமப் பேசறாரு. சமைக்கும்போது, பாத்திரம் கழுவும்போது… சில நேரம் கொஞ்சம் சும்மா இருங்கன்னு சொல்லத் தோணும்."



"அப்படியா," என்றாள் கார்லீன்.

(இந்த "அப்படியா"வுக்குப் பின்னால் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். கார்லீன் படித்துவிட்டு, "நான் அவ்வளவெல்லாம் நினைக்கல. வலிச்சுது, அவ்வளவுதான்," என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.)

6

எல்டனின் பக்கத்தை எனக்குச் சொன்னது எல்டன்தான். இலையுதிர்காலத்தில் பல் சுத்தம் செய்ய வந்தார். அவர் பேசும்போதெல்லாம் எச்சில் உறிஞ்சும் குழாயை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டேன். எங்கள் மருத்துவர் பார்த்திருந்தால் திட்டியிருப்பார்.

அவர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மழை ஒரு திரைபோல இறங்கியது, படகைக் காணவில்லை. கைபேசியில் சிக்னல் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஆள் கூட்டி வருவதென்றால் பொழுது போய்விடும். ஏரியைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். அங்கே பாதை கிடையாது. வடக்கு முனையில் சதுப்பு. இடுப்புவரை இறங்கினார், ஒரு பூட்ஸ் அங்கேயே போய்விட்டது. விழுந்த மரங்களுக்கு மேலும் கீழுமாகப் புகுந்து போனார்.

"கத்திக்கிட்டே போனேன்," என்றார்.

"யாரக் கூப்பிட்டீங்க?"

"ரெண்டு பேரையும்தான். ஒரு தடவ அவ பேரு, ஒரு தடவ இவ பேரு. அப்புறம் ரெண்டும் சேந்து போச்சு. என்ன கத்தறேன்னு எனக்கே தெரியல."

அவர் கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று அடங்கிவிட்டிருந்தது. புல் நசுங்கியிருந்தது, படகை இழுத்த தடம் இருந்தது, ஈரமண்ணில் இரண்டு ஜோடிக் காலடிகள் தண்ணீரை நோக்கிப் போயிருந்தன. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், தான் சுற்றி நடந்துகொண்டிருந்த நேரத்தில் படகிலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள் என்று புரிந்தது. ஒற்றைப் பூட்ஸோடு பாறையில் உட்கார்ந்து அழுதார் என்று எழுதினேன். சிரித்ததாக அவர் சொல்கிறார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

7

இக்கரையில், காற்று தணிந்ததும் படகில் திரும்பி வந்திருந்த பெண்கள் இருவரும் கூடாரத்துக்குள், வண்டிக்குள், மரங்களுக்குள் எல்டனைத் தேடினார்கள். பிறகு எதிர்க்கரையில் யாரோ சட்டையைக் கழற்றி ஆட்டுவதை ட்ரூடி பார்த்தாள்.

அந்தப் படகு இரண்டு பேருக்கானது. மூன்று பேர் ஏறினால், இன்னும் அடங்காத அலையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அவரைக் கூட்டிவர ஒருவர்தான் போக முடியும்.

"நீ போ," என்றாள் கார்லீன். "உன் ஆளு."

"எனக்கு நேரா ஓட்டவே வராது. நீங்க போங்க. இது உங்க ஏரி."

"என் ஏரி இல்ல. வரும்போது நல்லாத்தான போட்ட."

"நீங்க சொல்லச் சொல்லப் போட்டேன். தனியா எப்படி?"

"நான் போனா… ட்ரூடி, நான் அவன ஒரு படகுல ஏத்திக்கிட்டு இந்த ஏரியில வந்தா, அது வேற மாதிரி ஆயிடும். உனக்குப் புரியுதா?"

"புரியுது," என்றாள் ட்ரூடி. "அதனாலதான் உங்களப் போகச் சொல்றேன். அது என்ன மாதிரின்னு எனக்குத் தெரியணும்."

துடுப்பு இருவருக்கும் நடுவில் மணலில் கிடந்தது.

இந்த இடத்தில் மருத்துவமனைத் தொலைபேசி மணி அடித்தது. கார்லீன் போய் எடுத்தாள். திரும்பி வந்து சாப்பாட்டு டப்பாவை மூடினாள். "மீதி உனக்கு வேணாம்," என்றாள். "கத எழுதறவ நீதான? எழுதிக்கோ."

எழுதினேன். கார்லீன் போவதாக ஒரு முடிவு எழுதினேன். வழியெல்லாம் இருவரும் பேசிக்கொண்டே வருகிறார்கள், கரை சேர்ந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. படித்தபோது ட்ரூடிக்கு அநியாயம் செய்ததுபோல இருந்தது. ட்ரூடி போவதாக எழுதினேன். படகு கோணல்மாணலாகப் போகிறது, கரையில் கார்லீன் இடது, வலது என்று கத்துகிறாள், பிறகு கத்துவதை நிறுத்திவிடுகிறாள். அது கார்லீனுக்கு அநியாயமாகப்பட்டது. இருவரும் போகாமல் விடுவதாகவும் எழுதிப் பார்த்தேன், அவர் சதுப்பு வழியே திரும்பி நடந்து

(இல்லை. அந்த ஆளை இன்னொரு முறை அந்தச் சேற்றில் இறக்க எனக்கு மனமில்லை.)

ஆகவே எல்டன் பல் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னதோடு நிறுத்துகிறேன்.

"சூரியன் நேரா கண்ணுல அடிச்சுது. தண்ணியெல்லாம் ஒரே பளபளப்பு. அதுக்குள்ளருந்து ஒரு படகு வந்துச்சு. துடுப்பு ஏறி எறங்கறது மட்டும்தான் தெரிஞ்சுது. சத்தியமா சொல்றேன், யாரா இருக்கணும்னு நான் நினைக்கவே இல்ல. யாரோ ஒருத்தி எனக்காக ஏறி வர்றா, அது போதும்னு இருந்துச்சு. எழுந்து தண்ணியில எறங்கிட்டேன்."

வந்தது யார் என்று நான் கேட்டிருக்கலாம். அவர் சொல்லியும் இருப்பார். நான் குழாயை மறுபடி அவர் வாயில் வைத்தேன்.

எல்டன் இப்போது தொடைவரை தண்ணீரில் நிற்கிறார். ஒரு காலில் பூட்ஸ், மறு காலில் சேறு. கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்க்கிறார். படகு இன்னும் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. அதில் இருப்பது யார் என்று பார்க்க, நீங்கள் அவரைவிட அருகில் இருக்கிறீர்கள்.