சுருளிலேயே ஏற்றிய சூடு

உலகின் தென்கோடியில் இருக்கும் ஹூவன் பள்ளத்தாக்கில் ஜூலைதான் கடுங்குளிர்காலம். அந்தப் பனி ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. ஆப்பிள் குளிர்கிடங்கின் சுவருக்கு, உள்ளே குளிர் தங்குவதற்கான நுரையை அடிக்க வந்திருந்த க்ளைவுக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. வண்டிக்குள் இருந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. குழாய் நுனியில் இருக்கும் தெளிப்புத் துப்பாக்கியைப் பிடித்து நுரை அடிப்பவர் அவன் அக்கா புருஷன் ரஸ்ஸல்.

கலந்து நுரையாகும் இரண்டு பீப்பாய் மருந்தும் ஐம்பது டிகிரிச் சூட்டில் போய்ச் சேர்ந்தால்தான் நுரை ஒழுங்காகப் பொங்கும். அதற்காக அறுபது மீட்டர் குழாய் நெடுகச் சூடேற்றும் கம்பி ஓடுகிறது. சூட்டை அளக்கும் கருவியோ துப்பாக்கிப் பக்கத்து நுனியில் மட்டும். குழாயை முழுக்கத் தரையில் விரித்த பிறகே சூடு போட வேண்டும். சுருட்டி வைத்தபடி போட்டால், வெளியே தொங்கும் நுனி குளிர்ந்தே கிடக்கும். இயந்திரம் இன்னும் போதவில்லை என்று மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சுருளின் நடுவில் குழாய் வெந்துபோகும். இது க்ளைவுக்குத் தெரியாததல்ல, அதுதான் வயிற்றெரிச்சல். பனியில் யார் அறுபது மீட்டர் இழுப்பது? போன வாரம் இரண்டு நாள் சுருளிலேயே சூடேற்றினான், ஒன்றும் ஆகவில்லை. பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். இங்கே பட்டது வேறொருவர்.

“குழாய விரிச்சுட்டியா மாப்ளே?” கிடங்குக்குள்ளிருந்து ரஸ்ஸல் கேட்டார்.

“விரிச்சாச்சு மாமா!”

“உங்கக்காவும் இப்படித்தான். அடுப்பப் பத்த வைக்காமலே டீ ஆச்சும்பா.”

“நீங்க முகமூடிய மாட்டுங்க. பேசிப் பேசியே நுரை தள்ளிரும்.”

சுருளிலேயே முக்கால் மணி நேரம் சூடேற்றிய பிறகு அதைப் பிரித்துக் கிடங்கு வாசல் வழியாக இழுத்துக் கொடுத்துவிட்டு, க்ளைவ் அழுத்தத்தை ஏற்றினான். ரஸ்ஸல் குழாயைத் தோளில் போடுவதும், சட்டென்று முகமூடியைத் தூக்கி வண்டியைப் பார்த்து ஏதோ கத்துவதும் தெரிந்தது. கம்ப்ரசர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நொடி குழாய் அவர் தாடைக்குப் பக்கத்தில் வெடித்தது.

இடது கண் போய்விட்டது, வலது கண்ணைப் பற்றி ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார் ஹோபார்ட் நகர ஆஸ்பத்திரி டாக்டர். இரண்டு கண்ணிலும் கட்டுப்போட்டுப் படுத்திருந்த மனிதர் பக்கத்தில் க்ளைவ் உட்கார்ந்தே இருந்தான். சொல்லிவிடு என்று நெஞ்சு குத்தியது. மூன்றாம் நாள்தான் உடைந்தான்.

“மாமா, குழாய நான் விரிக்கல. சுருள்லயே சூடு போட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

“தெரியும்.”

ரஸ்ஸல் கட்டுப்போட்ட முகத்தை அவன் பக்கம் திருப்பினார்.

“நுனி ஜில்லுனு இருக்கு, தோள்ல போட்ட இடம் கொதிக்குது. மெஷின நிறுத்துடான்னு கத்தத்தான் முகமூடியத் தூக்கினேன்.”

“அக்காவுக்கு…”

“பழைய குழாய், வெடிச்சுருச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நீயா சொல்லுவேன்னு மூணு நாளாப் பாத்தேன். மொத நாளே சொல்லியிருந்தா உன்னக் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பேன். இப்ப எந்திரிச்சுப் போ.”

வெளியே வந்தான். அக்கா ஜனீன் சூப் டப்பாவோடு எதிரே வந்து அவன் தலையைத் தடவினாள்.

“மூணு நாளா அவரு பக்கத்தவிட்டு நகரலியேடா, என் தங்கம். உன்ன மாதிரி தம்பி யாருக்குக் கெடைப்பான்? ஏதாவது சாப்டியா?”

“சாப்ட்டேன்க்கா” என்றான். காலையிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.