மோதிர விரல்

அக்காவின் சிறுநீரகம் தம்பியின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்ததிலிருந்து வீட்டில் ஒரே கேலிதான். அவன் பகலில் கொஞ்சம் கண்ணசந்தால் போதும், "என் கிட்னியை வெச்சுக்கிட்டு இப்படித் தூங்குறியே, அதுக்கு உழைச்சுத்தான்டா பழக்கம்" என்பாள். அவள் தையல்காரி; உட்கார்ந்தால் மெஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாள். அவன் பூட்டு சரிசெய்கிறவன். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் அக்கா வீட்டு மாடியறையில் காலம் தள்ளுகிறான்.

ஊரில் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவான். தன் தொண்டையைத் திறக்க மட்டும் அவனுக்கு வராது. சின்ன வயதிலிருந்தே மாத்திரையைக் கண்டால் குமட்டல். அப்பா இருந்தவரை மாத்திரையை நுணுக்கித் தேனில் போட்டு, விரலால் குழைத்து நாக்கில் தடவிவிடுவார். அப்பா போன பிறகு அந்த வேலையை அவனே எடுத்துக்கொண்டான். வீட்டில் யாருக்கும் அது விசித்திரமாகப் பட்டதில்லை.

மாற்றுச் சிறுநீரகக்காரனுக்கு ஒரு கேப்ஸ்யூல்தான் உயிர். ரத்தத்தில் அந்த மருந்து குறைந்தால், வந்து ஒட்டிய உறுப்பை உடம்பே அடித்துத் துரத்திவிடும். கூடினால் மருந்தே அதைக் கெடுத்துவிடும். ஆகவே அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். முன்பெல்லாம் அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நரம்பில் ரத்தம் எடுத்துக்கொடுத்துவிட்டு, முடிவுக்குத் தவம் கிடக்க வேண்டும். இப்போது தெருமுனைக் கிளினிக்கிலேயே ஒரு சின்னப் பெட்டி வந்திருந்தது. விரலில் ஒரு குத்து, சோதனைப் பட்டையில் ஒரு சொட்டு, நர்ஸ் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எண் வந்துவிடும். ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தால் நிம்மதி.

காலை மருந்தைச் சாப்பிடாமல் வர வேண்டும், சோதனை முடிந்த கையோடு சாப்பிட வேண்டும் என்பது கட்டளை. தம்பி அதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினான். துளியும் தாமதம் ஆகிவிடக் கூடாதே என்று வீட்டிலேயே கேப்ஸ்யூலைப் பிரித்து, தூளைத் தேனில் குழைத்து, மூடி போட்ட டப்பாவில் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவான்.

"கை கழுவினீங்களா?" என்பாள் நர்ஸ்.

"குளிச்சிட்டுத்தான் வரேன் சிஸ்டர்."

கிளினிக் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வந்தது? ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை. வலது கை விரல்கள் அரம் பிடித்துக் காய்த்துப்போனவை, ஊசி இறங்காது. அதனால் எப்போதும் இடது கை மோதிர விரல்தான்.

அந்தப் பெட்டியில் முதல் தடவையே எண் பன்னிரண்டு வந்தது. டாக்டர் உதட்டைப் பிதுக்கி, மருந்தைக் குறைத்தார். அடுத்த முறை பதின்மூன்று. அதற்குள் அவன் முகம் உப்பி, கால் செருப்புக்குள் நுழையவில்லை.

"மருந்து ஏறிப்போய் கிட்னியை அடிக்குது. இன்னும் குறைப்போம்" என்றார் டாக்டர்.

"குறைச்ச பிறகும் எப்படி டாக்டர் ஏறும்?" என்று அக்கா கேட்டாள்.

"சில பேரோட உடம்பு வாகு அப்படிம்மா."

வீட்டுக்கு வந்ததும் அவள் அவனைப் பிடித்து உலுக்கினாள். "ஒழுங்கா சொல்லு. பயத்துல ரெண்டு ரெண்டா முழுங்குறியா?"

"ஒண்ணையே முழுங்கத் தெரியாதவனைப் போய்க் கேக்குறியே. உன் மேல சத்தியமாக்கா, இல்ல."

துணி என்றால் தையலைப் பிரித்து எங்கே இழுத்திருக்கிறது என்று பார்த்திருப்பாள். இது தோலுக்குள் கிடக்கிறது. தன்னுடையதுதான், ஆனாலும் கை வைக்க முடியாது.

ஒருநாள் கிளினிக்கில் பட்டை தீர்ந்துவிட்டது. நர்ஸ் நரம்பில் ரத்தம் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கிருந்து வந்த முடிவில் எண் ஒன்றைக்கூடத் தொடவில்லை. டாக்டர் நம்பவில்லை. புதுப் பட்டை வந்ததும் இரண்டையும் ஒரே காலையில் எடுக்கச் சொன்னார். விரல் பதினொன்று என்றது. நரம்பு, மருந்தே இல்லை என்றது.

டாக்டர் உள்ளே இரண்டு முடிவுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். காய்ப்பில்லாத அந்த இடது மோதிர விரலால் தேனைக் கடைசித் துளிவரை வழித்து நக்கினான். விரல் நுனியில் குத்திய இடத்தில் ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

அக்கா அந்த விரலைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். "டேய், காலையில எந்த விரலால குழைச்ச?"

அவன் அந்த மோதிர விரலையே தூக்கிக் காட்டினான். இத்தனை நாளும் அந்தப் பெட்டி அளந்தது, குளித்த பிறகு குழைத்து, பஞ்சுத் துடைப்புக்கும் போகாமல் விரலில் ஒட்டியிருந்த மருந்தை. ரத்தத்தில் மருந்து இல்லாமல் உடம்பு அவள் கிட்னியைத் தின்றுகொண்டிருக்க, இவர்கள் சமர்த்தாக இன்னும் இன்னும் குறைத்திருக்கிறார்கள். யாரைத் திட்டுவது? சொன்னதைத் தட்டாதவனையா, வராத தண்ணீரையா? அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே தலையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்தை ஏற்றினார்கள், நரம்பு வழியாக வேறு மருந்தும் போனது. அங்கே தம்பி ஒரு காரியம் செய்தான். கேப்ஸ்யூலைப் பிரிக்காமல் முழுசாக வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். குமட்டி வெளியே வந்தது. அதையே மறுபடி போட்டான். கண்ணில் நீர் வழிய, கழுத்து நரம்பு புடைக்க, எப்படியோ உள்ளே தள்ளினான். அப்புறம் வேளை தவறாமல் விழுங்கிவிட்டு, குழந்தை மாதிரி வாயைத் திறந்து அக்காவிடம் காட்டுவான். அவளும் எட்டிப் பார்த்துவிட்டு, "சமத்து" என்பாள்.

ஒருநாள் சாயங்காலம் அவன் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் காத்திருந்தபோது ஆஸ்பத்திரி டாக்டர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"கிட்னி வேலையை நிறுத்திடுச்சு. இனி மெஷின்லதான் ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும்."

"என்கிட்ட இன்னொண்ணு இருக்கே டாக்டர்" என்றாள் அக்கா.

டாக்டர் தரையைப் பார்த்தார்.

"வாயை மூடுக்கா" என்றான் தம்பி.

"அந்த மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடலாம். இனிமே அது காப்பாத்துறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல" என்று டாக்டர் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி உள்ளங்கையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வாயில் போட்டு ஒரே மடக்கில் விழுங்கினான். குமட்டவே இல்லை. வழக்கம் போல அக்காவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினான்.

அவள் எட்டிப் பார்த்தாள். "சமத்து" என்றாள்.