உயிரெழுத்து இல்லாத ஸலாம்

பெருநாள் காலையில் வருங்கால மருமகன் ஹைதெம் அனுப்பிய வாழ்த்தை மொன்ஜி கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். ‘ஸ்ல்ம். ஈத் ம்ப்ர்க். ஹ்ம்த்.’ அவ்வளவுதான். ஸலாம், முபாரக், ஹம்துலில்லா எல்லாவற்றிலிருந்தும் உயிரெழுத்தை உருவிவிட்டு எலும்பை மட்டும் அனுப்பியிருந்தான். துனிஸில் இளவட்டம் முழுக்க அப்படித்தான் எழுதுகிறது. ஆனால் மொன்ஜி துனிஸ்-ஸ்ஃபாக்ஸ் தடத்தில் வேன் ஓட்டுபவர். எட்டு இருக்கையும் நிரம்பாமல் வண்டியை எடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்வதாக ஏற்பாடு.

“படைச்சவனுக்குச் சொல்ற நன்றியிலயே மிச்சம் பிடிக்கிறான்,” என்றார் மகள் ஸிரீனிடம். “ஃபாத்திஹாவையும் மூணு எழுத்துல முடிச்சிடுவானா? வெள்ளிக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிடும்மா.”

அடுப்படியிலிருந்து அம்மா ஏதோ சமாதானம் சொன்னாள். அது எடுபடவில்லை. ஸிரீன் ஹைதெமுக்கு ஒரு வரி தட்டிவிட்டிருந்தால் போதும், பத்து வரியில் மரியாதை வந்து இறங்கியிருக்கும். சொல்லிக்கொடுத்து வாங்குகிற மரியாதை அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் அவர்கள் காதலித்ததே அந்த எலும்புகளை வைத்துத்தான்.

“அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ‘எங்க’ன்னு மூணே எழுத்துலதான் கேட்டான், பாபா. நான் பதில் எழுதி முடிக்கிறதுக்குள்ள வாசல்ல நின்னான். எழுத்தை மட்டுந்தான் குறைப்பான்.” அவள் தலை நிமிர்ந்தே இருந்தது. “வேண்டாம்னா நீங்களே எழுதுங்க. முழுசா.”

மொன்ஜி போனை மடியில் வைத்து ஒற்றை விரலால் ஆரம்பித்தார். மறுப்பதாக இருந்தாலும் முறை என்று ஒன்று உண்டே. சாந்தி, கருணை, பரக்கத் எல்லாம் நெடிலும் குறிலுமாக இறங்கின. பிறகு அவன் அப்பாவின் நலம். பிறகு அம்மாவின் நலம்.

ஸிரீனின் போன் அதிர்ந்தது. அந்தப் பக்கத்தில், மாமனார் ஏதோ எழுதிக்கொண்டே இருக்கிறார் என்று ஹைதெமின் திரை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ‘ஸிரீன், உங்கள் அப்பா இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறார்? நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா? தயவுசெய்து சொல்.’ ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அவனுக்கு இவ்வளவு உயிரெழுத்து தெரியும் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. சிரிப்பை விழுங்கிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“அவங்க பெரியம்மாவுக்கு மூட்டுவலின்னாங்களே,” என்றார் மொன்ஜி, நிமிராமல். “பேரு என்னம்மா?”

சொன்னாள். அவர் விரல் திரைக்கு மேலே வட்டமிட்டு, அடுத்த எழுத்தைத் தேடியது.