ஒரு சாண் மேலே

என் அண்ணனும் என் புருஷனும் பேசிக்கொள்வதில்லை. இருவரும் பாதாளச் சாக்கடைக்குக் குழாய் பதிக்கும் மேஸ்திரிகள், ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை. நானும் அங்கேதான் கலவை போடுகிறேன். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் சிமெண்ட் அடைப்பது, ஆள் இறங்கும் குழிகளுக்கு உள்பூச்சு பூசுவது எல்லாம் என் கை. அது போதாதென்று இவர்களுக்கு நடுவே தூது போகிற வேலையும் என் தலையில் விழுந்தது.

ஒரே பள்ளத்தின் இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர் நிற்பார்கள்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு, மண்ணை என் பக்கம் தள்ள வேண்டாம்னு" என்பார் இவர்.

"மண்ணுல அவன் பேரு எழுதியிருக்கான்னு கேளு" என்பான் அண்ணன்.

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு கழுத்து வலித்தது. அப்புறம் இரண்டு பேரையும் அதே பள்ளத்தில் தள்ளி மண்ணைப் போட்டு மூடலாமா என்று இருந்தது. சும்மா சொல்லவில்லை, மண்வெட்டி என் கையில்தான் இருந்தது.

சொத்துத் தகராறு, பெண் தகராறு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டைக் கட்டியபோது அண்ணன்தான் கூட நின்றான். பக்கத்து வீட்டையும் அவன்தான் எழுப்பினான், இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே மட்டம். குடிபோன அன்று இவர் சும்மா இருக்காமல், கூடத்துச் சுவர் கோணல் என்றார். "பார்க்கிற கண்ணு கோணலா இருந்தா சுவர் என்ன பண்ணும்?" என்றான் அவன். பேச்சு முற்றியது. சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து, இனி இந்த வாசற்படியை மிதித்தால் ஏனென்று கேளுங்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். அதன்பிறகு எங்கள் தெருப் பக்கமே அவன் தலைகாட்டவில்லை. சுவர் நேராகத்தான் இருக்கிறது. நான் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டேன். அதைச் சொன்னால் இவர் என்னோடும் பேச மாட்டார்.

கடைசியில் எங்கள் தெருவுக்கே சாக்கடை வேலை வந்தது. முறைப்படி, பள்ளமான முனையில் ஆரம்பித்து மேடு நோக்கி ஒரே ஆள் குழாய் பதித்துக்கொண்டு போக வேண்டும். காண்ட்ராக்டருக்குக் காலில் வெந்நீர் ஊற்றியது போல அவசரம். கீழ் முனையில், சாக்கடை போய்ச் சேரும் பம்பு கிணற்றிலிருந்து அண்ணன், மேல் முனையிலிருந்து இவர், இருவரும் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் குழியில் வந்து சேர வேண்டும் என்று பிரித்துவிட்டார்.

சாக்கடைக்கு வாட்டம்தான், தண்ணீர் ஓடுகிற சரிவுதான் எல்லாம். அது தப்பினால் எவ்வளவு நல்ல குழாயும் வெறும் தொட்டிதான். அதனால் ஆழத்தை எல்லோரும் ஒரே அடையாளத்திலிருந்து அளக்க வேண்டும். இன்ஜினியர் எங்கள் வாசற்படியில் சிவப்புக் கோடு ஒன்றைப் போட்டார். எல்லா அளவும் இதிலிருந்துதான் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பிறகு வந்தபோதெல்லாம் காரை விட்டு அவர் இறங்கவில்லை.

அண்ணனின் பக்கம் முதலில் முடிந்தது. மண் தள்ளி, மேலே கான்கிரீட்டும் போட்டாயிற்று. இவர் பக்கமும் வந்து சேர்ந்தது. குழாய் வாய்களைப் பூச நான் குழிக்குள் இறங்கினேன். இறங்கியவள் கரண்டியைப் போட்டுவிட்டுக் கையால் சாண் போட்டுப் பார்த்தேன்.

இவருடைய குழாய் குழியின் அடியில் வந்து நின்றது. தண்ணீர் வெளியே போக வேண்டிய அண்ணனின் குழாய் அதற்கு ஒரு சாண் மேலே இருந்தது. சாக்கடை மேடேறிப் போகாது. குழியில் தேங்கும், தேங்கியது பக்கத்தில் வாயைத் திறந்திருக்கும் எங்கள் பாத்ரூம் குழாய்க்குள் திரும்பும். ரோட்டின்மேல் ரோடு போட்டுப் போட்டு எங்கள் வீடு தெருவுக்குக் கீழே போய்விட்டது. பாத்ரூம் தரை குழியின் அடியைவிட ஒரு சாணும் கொஞ்சமும்தான் உயரம். தெருவில் உள்ள அத்தனை வீட்டு அசிங்கமும் முதலில் எட்டிப் பார்க்கப்போவது என் வீட்டுக்குள்தான்.

மேலே நின்ற இவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கண்ணு கோணல்னு சொன்னானே, அந்தக் கண்ணாலதான் பார்த்தேன். டெஸ்டுக்குத் தண்ணி விடுவாங்கல்ல, அன்னிக்கு ஊரே பார்க்கட்டும்."

"தண்ணி நம்ம வீட்டுக்குள்ள வரும்."

"வரட்டும். அவன் மானம் போகுதா இல்லையா?"

குழியிலிருந்து ஏறினேன். நேரே அண்ணனிடம் போனேன்.

"எங்கேருந்து அளந்தே?"

"பக்கத்து வீட்டுப் படியிலேருந்து. ரெண்டு படியும் நான் வச்சதுதானே. ஒரே மட்டம். அவன் படியை நான் எதுக்கு மிதிக்கணும்?"

"ரோடு உயர்ந்துடுச்சுன்னு அவங்க படிமேல கல்லு பதிச்சு ஒரு சாண் ஏத்திட்டாங்க. இத்தனை நாள்ல நீ இந்தத் தெருவுக்கு வந்து போயிருந்தா தெரிஞ்சிருக்கும். உன் குழாய் முழுக்க ஒரு சாண் மேல நிக்குது."

அவன் முகம் செத்துப்போனது. தப்பு புரிந்துவிட்டது. ஆனால் உடனே முறுக்கிக்கொண்டான்.

"அவன் சொல்லி அனுப்பினானா?"

"நான் கை வச்சுப் பார்த்தேன்."

"போட்ட கான்கிரீட்டை உடைச்சா அவன் சிரிப்பான். முடியாது. தண்ணி வந்தா அவன் வீட்டுக்குள்ளதானே வரும்?"

"அப்ப நான் எங்கே குடியிருக்கேன்?"

அவன் மட்டம் பார்க்கும் நூலைச் சுற்ற ஆரம்பித்தான். கூடப் பிறந்தவனைக் கையில் கிடைத்ததை எடுத்து அடிக்கலாம் என்று அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது.

காண்ட்ராக்டரிடமும் சொல்லிப் பார்த்தேன். அவர் குழிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"டெஸ்ட் முடியட்டும். அப்புறம் அடியில ரெண்டு சட்டி சிமெண்ட் கொட்டி மேடாக்கிடு. கண்ணுக்குத் தெரியாது."

"மேல இருந்து வர்ற குழாய் பாதி அடைஞ்சிடுமே."

"ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா."

டெஸ்ட் அன்று மேல் முனையில் இரண்டு தண்ணீர் லாரிகள் நின்றன. காண்ட்ராக்டர் ஒன்றை மட்டும், அதுவும் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னார். எங்கள் வாசலில் இன்ஜினியரின் கார் நின்றது. நான் வீட்டுக்குள் பாத்ரூமையே பார்த்துக்கொண்டிருந்தேன். துளையில் குமிழி வந்தது. பிறகு தண்ணீர் வந்து, தரையெல்லாம் பரவி, கூடத்துக்குள் நுழைந்தது. நான் சேர்த்து வைத்து வாங்கிய பாய், துணி மூட்டை எல்லாம் நனைந்தன. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"வாங்க, எல்லாரும் வந்து பாருங்க, மேஸ்திரி வேலையை" என்று இவர் கூவினார். அந்தச் சத்தம் கேட்டு அண்ணன் வீராப்பை மறந்து படி தாண்டி உள்ளே வந்துவிட்டான்.

"தெரிஞ்சே வாயை மூடிட்டு இருந்திருக்கீங்களே மாப்பிள்ளை, நீங்கல்லாம் மனுஷனா?"

"அளக்கத் தெரியாதவன் மனுஷனைப் பத்திப் பேசறியா மச்சான்?"

இத்தனை காலத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசினார்கள். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, என்னை ஒருவரும் கூப்பிடாமல், ஆசை தீரத் திட்டிக்கொண்டார்கள். பாயை எடுத்து மேலே போடக்கூட ஒரு கை நீளவில்லை.

காண்ட்ராக்டர் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் தண்ணிதானேம்மா. துடைச்சிடு. சார் வண்டியிலேயே இருக்கார், கையெழுத்து வாங்கிட்டா முடிஞ்சுது."

துடைத்துவிடலாம். இன்று வந்தது நல்ல தண்ணீர். கையெழுத்து விழுந்துவிட்டால் நாளை முதல் வருவதை எதைக் கொண்டு துடைப்பது? தண்ணீர் தெருவுக்கு ஏறி அந்தக் கார் சக்கரத்தை நனைத்தால்தான் குழாயைத் தோண்டுவார்கள். நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு மேல் முனைக்கு நடந்தேன்.

"ரெண்டு லாரியையும் முழுசாத் திறக்கணுமாம்" என்றேன்.

லாரிக்காரர் சந்தேகமாகப் பார்த்தார். "யாரு சொன்னது?"

"ரெண்டு மேஸ்திரியும்தான்."

மேஸ்திரிகளின் பேச்சு எப்போதும் என் வாய் வழியாகத்தான் வரும், அது அவருக்கும் தெரியும். வால்வில் கை வைத்தவர் நிறுத்தினார்.

"கீழே ஒரு வீட்டுக்குள்ள தண்ணி போகுதுன்னு சத்தம் போடறாங்களேம்மா. யார் வீடு அது?"

"என் வீடு" என்றேன். "திறந்து விடுங்க."